பட்டமில்லாத இரட்டைப் படிப்பு

2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இந்திய மாணவர் ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு முழுநேரப் பட்டப்படிப்புகளை மேற்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பலர் இதனைப் புதுமையாகக் கண்டனர். ஆனால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இரட்டைப் பட்டம் நெடுநாள் பழகிய ஏற்பாடு. சட்டத்தோடு வணிகவியல், பொறியியலோடு அறிவியல் என்று இணைகள் பல உண்டு. அவற்றுள் நம் கவனத்தை நிறுத்தியது ஓர் இணை: படைப்புக் கலைகளும் பன்னாட்டியலும். ஒருபுறம் ஓவியம், இசை, நாடகம், எழுத்து. மறுபுறம் பிறநாட்டு மொழி, வரலாறு, அரசியல். நான்கைந்து ஆண்டுகளின் முடிவில் கையில் இரண்டு பட்டங்கள்.

இப்படியொரு படிப்பைப் பற்றி நம் ஊரில் பேச்செடுத்தால் வரும் முதல் கேள்வி, 'இது சோறு போடுமா?' என்பது. அதற்கு விடை சொல்வது வேலைவாய்ப்பு அலுவலர்களின் பணி. இலக்கியம் பயின்றவர்களாகிய நம்மிடம் எழுவது வேறொரு கேள்வி. தூரிகை பிடிக்கும் கைக்குப் பிறநாட்டு வரலாறு எதற்கு? பிறநாட்டை ஆராயும் மனத்துக்குத் தூரிகை எதற்கு? இவை இரண்டும் ஒருவருக்குள் சேர்ந்தால் விளைச்சல் உண்டா, அல்லது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற கதைதானா?

இக்கேள்விக்கு வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. அது வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்துச் செம்மண் வெளியில், 1919-க்கும் 1947-க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டது. அங்கே அப்போது இரட்டைப் பட்டம் என்ற பெயரே கிடையாது; ஓவியம் பயின்றவர்களுக்கு ஒற்றைப் பட்டம்கூடக் கிடையாது. எனினும் கலையும் உலகும் ஒரே வளாகத்தில் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. அது எவ்வாறு நடந்தது, எங்கே பலித்தது, எங்கே நின்றுபோயிற்று என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

யோகோஹாமாவில் ஒரு திரையோவியம்

சாந்திநிகேதனில் தாகூர் பள்ளியைத் தொடங்கிய ஆண்டு 1901. அப்போது மாணவர் ஐவர். மரத்தடி வகுப்பு, பிரம்மசரிய ஆசிரமம் என்ற பெயர், பழந்தவவனங்களின் நினைவு - இவையே அதன் தொடக்க அடையாளங்கள். 1913-இல் நோபல் பரிசு வந்தது. உலகம் தாகூரை அழைக்கத் தொடங்கியது. அழைப்பை ஏற்றுச் சென்றவர் போன இடத்தில் சொற்பொழிவு மட்டும் நிகழ்த்தித் திரும்பியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இல்லை.

1916-இல் அவர் ஜப்பானுக்குக் கப்பலேறினார். உடன் சென்றவர்களுள் முகுல் தே என்ற இளம் ஓவியரும் ஒருவர். தோக்கியோவில் யோகோயாமா தைக்கான் என்ற ஓவியரின் வீட்டிலும், பின்னர் யோகோஹாமாவில் ஹரா தொமிதாரோ என்ற பட்டு வணிகரின் மாளிகையிலும் தங்கினார். ஹராவின் சேகரிப்பில் இருந்த பெரிய திரையோவியங்கள் அவரை ஆட்கொண்டன. ஷிமோமுரா கன்ஸான் வரைந்த ஒரு திரையைப் படியெடுத்துத் தருமாறு வேண்டினார். அப்பணியைச் செய்தவர் அராய் கம்போ என்ற ஓவியர். அதே ஆண்டின் இறுதியில் கம்போ கல்கத்தாவுக்கு வந்து, தாகூர் இல்லத்தில் ஜப்பானியத் தூரிகை முறையைக் கற்பித்தார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இருபது ஆண்டுகள் கழித்து இவர் மீண்டும் வருவார்.

ஜப்பானிலிருந்து தாகூர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு பொறுமையின்மை தெரிகிறது. வங்க ஓவியர்கள் தம் முற்றத்துக்குள்ளேயே அமர்ந்து சிறிய படங்களைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள், வெளியே வந்து பார்க்க மறுக்கிறார்கள் என்பது அவருடைய குறை. அங்கிருந்து அமெரிக்கா சென்றவர், சாந்திநிகேதனை இந்தியாவுக்கும் உலகுக்கும் இடையிலான இழையாக ஆக்க வேண்டும் என்று மகன் ரதீந்திரநாத்துக்கு எழுதினார். இரண்டு எண்ணங்களும் ஒரே ஆண்டில், ஒரே பயணத்தில் பிறந்தவை. ஓவியரை வெளியே அழைத்த அதே மனம்தான் உலகை உள்ளே அழைத்தது.

வகுப்பறைக்கு வந்த உலகம்

1918 டிசம்பரில் விஸ்வபாரதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1919-இல் கலைப்பள்ளியான கலாபவன் தொடங்கியது. 1921 டிசம்பர் 23-இல் விஸ்வபாரதி முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. உலகம் முழுவதையும் ஒரு பறவைக்கூடாகக் காணும் வேதவாக்கியம் அதன் குறிக்கோளாயிற்று.

கூடு கட்டியாயிற்று, பறவைகள் வரவேண்டுமல்லவா? முதலில் வந்தவர் பாரிசின் சமஸ்கிருத அறிஞர் சில்வான் லெவி. 1921-22-இல் அவர் சீனமும் திபெத்தியமும் கற்பித்தார். அறுபது வயதை எட்டியிருந்த தாகூரும் மாணவர்களோடு அமர்ந்து பாடம் கேட்டார். அவ்வகுப்பில் பயின்ற பிரபோத் சந்திர பாக்சி, பிற்காலத்தில் இந்திய - சீனத் தொடர்புகளின் முன்னணி ஆய்வாளராகி, விஸ்வபாரதியின் துணைவேந்தராகவும் ஆனார். லெவிக்குப் பின் பிராகிலிருந்து வின்டர்னிட்ஸ் வந்தார். 1925-இல் இத்தாலியிலிருந்து ஃபார்மிக்கியும் தூச்சியும் வந்தனர்.

கலாபவனின் பக்கம் வந்தவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். வியன்னாவில் பயின்ற கலைவரலாற்று அறிஞர். நந்தலால் போஸ் பொறுப்பேற்று வளர்த்துக்கொண்டிருந்த கலாபவனில் 1920-களின் தொடக்கத்தில் அவர் ஐரோப்பியக் கலையைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கோதிக் தேவாலயங்களில் தொடங்கிய அவ்வுரைகள் அப்போதுதான் ஐரோப்பாவில் கிளர்ந்திருந்த புதிய இயக்கங்கள் வரை நீண்டன. 1922 டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளி ஓவியங்கள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதற்குக் காரணமானவர்களுள் கிராம்ரிஷும் ஒருவர். காந்தின்ஸ்கி, பௌல் க்ளே ஆகியோரின் படைப்புகள் கல்கத்தாவுக்கு வந்த ஆண்டு அது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கலாபவன மாணவர் அனைவரும் சீனம் கற்றனர் என்றோ, மொழி பயின்றவர் அனைவரும் ஓவியம் தீட்டினர் என்றோ சொல்வதற்கில்லை. வந்த அறிஞர் பலர் ஓராண்டு, ஈராண்டு தங்கிச் சென்றவர்கள். கட்டாயப் பாடத்திட்டம் எதுவும் இந்த இரண்டையும் இணைக்கவில்லை. இணைத்தது வளாகத்தின் சிறுமைதான். ஒரே சமையற்கூடம், ஒரே விழா, ஒரே மாலைக்கூட்டம். திபெத்திய ஏடு படிப்பவரும் சுவரோவியத்துக்கு மண் குழைப்பவரும் நாள்தோறும் சந்தித்துக்கொண்டனர். இன்றைய பல்கலைக்கழகங்களில் இரண்டு புலங்களுக்கு இடையே பேருந்து ஓடுகிறது.

பணமும் எளிதில் வந்துவிடவில்லை. ஹைதராபாத் நிஜாம் ஒரு லட்சம் ரூபாய் தந்தார். இஸ்லாமியக் கல்விக்கு அது பயன்பட்டது. போதாமை மட்டும் நீடித்தது. தாகூர் முதுமையிலும் நாட்டிய நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1936-இல் தில்லியில் அவரைக் கண்ட காந்தி மனம் பொறாமல் 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து அவரைத் திருப்பி அனுப்பினார். கலையும் உலகக் கல்வியும் சோறு போடுமா என்ற கேள்வி தாகூருக்கும் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

பயணம் என்னும் பாடம்

ஆஸ்திரேலியப் பன்னாட்டியல் படிப்புகளில் மாணவர் ஒரு பருவமோ ஓராண்டோ வெளிநாட்டில் தங்கிப் பயிலும் வழக்கம் உண்டு. சாந்திநிகேதனிலும் அதற்கு ஒரு வடிவம் இருந்தது. தாகூர் வெளிநாடு சென்ற சில பயணங்களில் ஓவியரையும் உடன் அழைத்துச் சென்றார். 1924-இல் சீனப் பயணத்தில் நந்தலால் போஸ் இருந்தார். உடன் க்ஷிதிமோகன் சென் என்ற சமய அறிஞர், காளிதாஸ் நாக் என்ற வரலாற்றறிஞர், எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர். ஓவியர், சமய ஆய்வாளர், வரலாற்றாசிரியர், உழவியலார் ஆகியோரை ஒரே கப்பலில் ஏற்றியது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

சீனா அவரை முழுமனத்தோடு வரவேற்கவில்லை. பழமையைப் போற்றி மேலை இயந்திர நாகரிகத்தைக் குறைகூறும் கவி, புரட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த தம் நாட்டுக்குத் தேவையில்லை என்று இளைஞர் சிலர் துண்டறிக்கை விநியோகித்தனர். தாகூர் மனம் நொந்தார். திட்டமிட்ட உரைகளில் சிலவற்றைக் கைவிட்டார். பிறநாட்டைப் பயில்வது என்பது அந்நாடு நம்மை மறுத்துப் பேசுவதைக் கேட்பதும்தான். பயணத்தின் இந்தக் கசப்பான பாடத்தைப் புத்தகத்தில் பெற முடியாது.

1927-இல் ஜாவா, பாலித் தீவுகளுக்குச் சென்ற பயணத்தில் மொழியியலறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியோடு சுரேந்திரநாத் கர், தீரேந்திரகிருஷ்ண தேவவர்மன் என்ற இரு ஓவியர்கள் சென்றனர். அதன் பின் ஜாவாவின் மெழுகுச் சாய முறையான பத்திக் சாந்திநிகேதனின் கைத்தொழில்களுள் ஒன்றாகி, அங்கிருந்து நாடெங்கும் பரவிற்று. அதே பயணத்தின் வழியில் சிங்கப்பூர் அருகே தாகூரைச் சந்தித்த சீன இளைஞர் ஒருவர் மறு ஆண்டு சாந்திநிகேதனுக்கு வந்துசேர்ந்தார். அவர் பெயர் தான் யுன்-ஷான்.

போர்க்காலத்தில் ஒரு சோதனை

தான் யுன்-ஷான் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய பணத்தாலும் நூல்களாலும் 1937 ஏப்ரல் 14-இல், வங்கப் புத்தாண்டு நாளில், சீனபவன் திறக்கப்பட்டது. வரமுடியாத ஜவாஹர்லால் நேருவின் செய்தியை மகள் இந்திரா வாசித்தார். சீன மொழியையும் பண்பாட்டையும் பயில்வதற்கென இந்தியாவில் எழுந்த முன்னோடி நிறுவனம் அது.

திறந்து மூன்று மாதம் ஆகவில்லை. 1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின் மீது முழு அளவில் படையெடுத்தது. டிசம்பரில் நான்கிங் வீழ்ந்தது. சாந்திநிகேதனின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கலாபவனின் தூரிகையில் ஜப்பான் இருக்கிறது. புதிதாக எழுந்த பவனத்தில் சீனா இருக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது?

1935-இல் சாந்திநிகேதனுக்கு விருந்தினராக வந்து சென்ற ஜப்பானியக் கவி யோனே நொகுச்சி 1938-இல் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். இப்போர் ஆசியாவில் புதிய உலகை அமைப்பதற்குத் தவிர்க்க இயலாத வழி என்று வாதாடினார். தாகூர் கடுமையாக மறுத்தார். மண்டையோடுகளின் மீது ஆசியாவைக் கட்ட முடியாது என்ற பொருள்படப் பதிலளித்தார். நட்பு முறிந்தது, கடிதங்கள் உலகறிய வெளிவந்தன.

ஆனால் அவர் செய்யாதது ஒன்று உண்டு. ஜப்பானிய ஓவிய முறையைக் கலாபவனிலிருந்து வெளியேற்றவில்லை. அப்பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரான பினோத் பிஹாரி முகர்ஜி 1937-38-இல் ஜப்பானில் சில மாதங்கள் தங்கி ஓவியம் பயின்றார். அங்கே அவர் பழகிய ஓவியர்களுள் ஒருவர் அராய் கம்போ. 1916-இல் தாகூருக்காகத் திரையைப் படியெடுத்த அதே கம்போ. மறுபக்கம், 1939-இல் சீனாவின் பேரோவியர் சூ பெய்ஹோங் சாந்திநிகேதனுக்கு வந்தார். போர் நிவாரணத்துக்காகத் தம் ஓவியங்களைக் காட்சிப்படுத்திப் பொருள் திரட்டிக்கொண்டிருந்தவர். தாகூரின் உருவத்தை வரைந்தார். மலையை அகற்ற முனைந்த கிழவனைப் பற்றிய சீனப் பழங்கதையை ஒரு பேரோவியமாக 1940-இல் இந்தியாவில் இருந்தபோதே தீட்டினார். மண்வெட்டியோடு மலையை உடைக்கும் அம்மனிதர்களுள் இந்திய உடல்களையும் முகங்களையும் காண முடிகிறது.

1942-இல் பினோத் பிஹாரி சீனபவனின் சுவரில் ஓவியம் தீட்டினார். சொதாத்சு முதலான ஜப்பானிய ஓவியர்களைப் போற்றியவர், சீனத்தின் வீட்டில் வரைந்தது வங்கத்து வளாக வாழ்க்கையை: மாணவர், மரங்கள், அன்றாட நடமாட்டம். மூன்று நாடுகள் ஒரு சுவரில் சேர்ந்தன; அவற்றுள் இரண்டு வெளியே ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. ஒரு நாட்டின் அரசை எதிர்ப்பதும் அந்நாட்டின் கலையைக் கற்பதும் ஒரே மனிதருக்குள் இயலும் என்பதை அச்சுவர் மெய்ப்பித்தது. பன்னாட்டியல் மட்டும் பயின்றவர் அரசுகளையே நாடு என்று எண்ணிவிடக் கூடும். கலை மட்டும் பயின்றவர் அரசுகளைக் காணாமலே இருந்துவிடக் கூடும். இரண்டும் தெரிந்தவருக்கே இத்தகைய நேரத்தில் நேரிய நிலை கைகூடுகிறது என்பது நம் கருத்து.

மூன்று மாணவர்

இக்கல்வியின் விளைச்சலை மனிதர்களில்தான் காட்ட முடியும். பினோத் பிஹாரிக்குப் பிறவியிலேயே பார்வைக் குறை. பிற்காலத்தில் அறுவைச் சிகிச்சை ஒன்றுக்குப் பின் முற்றிலும் பார்வை இழந்தார். எனினும் கலைவரலாறு கற்பித்தார், காகிதத்தை வெட்டி ஒட்டினார், களிமண்ணில் உருவம் செய்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி 'உட்கண்' என்னும் பொருள்படும் பெயரில் ஆவணப்படம் எடுத்தார். ராய் 1940 முதல் 1942 வரை கலாபவனில் இருந்துவிட்டுப் படிப்பை முடிக்காமல் வெளியேறியவர். பட்டத்தைக் கொண்டு கல்வியை அளப்பவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

1946-47-இல் இந்திபவனின் சுவர்களில் பினோத் பிஹாரி இடைக்கால பக்தர்களின் வரலாற்றைப் பேரோவியமாகத் தீட்டினார். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் ஆகியோர் வரும் அந்நெடுஞ்சுவரில் நம் இராமானுசரும் இருக்கிறார். அப்பணியில் உதவிய மாணவர்களுள் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924-இல் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றவர். அதனால் அரசுக் கல்லூரிக் கதவுகள் மூடப்பட, 1944-இல் சாந்திநிகேதனுக்கு வந்தார். பின்னர் பரோடாவிலும் மீண்டும் சாந்திநிகேதனிலும் ஆசிரியராக இருந்து, 2016-இல் மறையும் வரை வரைந்தும் எழுதியும் வந்தார். சுடுமண், கண்ணாடி, பொம்மை, சிறுவர் நூல் என்று அவர் கை படாத ஊடகம் குறைவு. பொருளியல் பயின்ற மனம் அவருடைய கட்டுரைகளில் கைவினைஞரின் வாழ்வைப் பற்றித் தொடர்ந்து கேள்வி கேட்டது.

மூன்றாமவர் ஜெயா அப்பாசாமி. தமிழ்நாட்டில் இவரை அறிந்தோர் மிகச் சிலரே. அது நமக்குப் பெருமை தருவதன்று. 1918-இல் சென்னையில் பிறந்தார். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றார். 1940-களின் இறுதியில் இந்திய அரசின் உதவித்தொகையில் சீனா சென்று அந்நாட்டு ஓவியம் கற்றார். பின்னர் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 1952-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தில்லியில் கற்பித்தார், லலித்கலா அகாதெமியின் இதழுக்கு ஆசிரியராக இருந்தார், அபனீந்திரநாத் தாகூரையும் அவர் காலக் கலையையும் பற்றி நூல் எழுதினார். இந்தியா, சீனா, அமெரிக்கா என்று மூன்று நாடுகளில் பயின்ற ஓவியர், கூடவே வரலாற்றாசிரியர். இன்றைய இரட்டைப் பட்டத்தின் இலக்கு எதுவோ அதனை அப்பெயர் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்து காட்டியவர்.

கூடு துறைகளானபோது

1951-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. சம்பளம் உறுதியாயிற்று, பட்டம் செல்லுபடியாயிற்று, நாட்டியக் குழுவோடு நிதி திரட்டும் அவலம் ஒழிந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் பவனங்கள் தத்தம் பாடத்திட்டமும் தேர்வும் கொண்ட தனித்துறைகளாயின. 1962-இல் எல்லைப் போர் மூண்டபோது இந்தியாவில் வாழ்ந்த சீனர் பலர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சீனத்தோடு போக்குவரத்து அறவே நின்றது. நூலகம் இருந்தது, பயணம் இல்லை. 1937-இல் போருக்கு நடுவே உயிரோடிருந்த ஒன்று, இம்முறை போருக்குப் பின் நெடுநாள் மூச்சற்றுக் கிடந்தது. 1994-இல் ஜப்பானியக் கல்விக்கென நிப்பான் பவன் எழுந்தது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுவர்களுக்கு உரிய மதிப்பு கிடைத்துவிட்டது. சுவர்களை எழுப்பிய கல்விமுறைக்கு அம்மதிப்பு கிடைத்ததா என்பது நம் வினா.

இவ்வரலாற்றிலிருந்து இரட்டைப் பட்டத்துக்குத் திரும்புவோம். இரண்டு படிப்புகளை ஒரு கால அட்டவணையில் அடுக்கிவிடுவது எளிது. திங்களன்று நாடகம், செவ்வாயன்று அரசியல் என்று நான்காண்டுகள் ஓடிவிடும். இரண்டும் ஒருமுறைகூடச் சந்திக்காமலே மாணவர் வெளியேறிவிடலாம். சாந்திநிகேதனில் சந்திப்பு நிகழ்ந்ததற்குக் காரணங்கள் மூன்று எனத் தோன்றுகிறது. ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்தனர். பயணம் செய்தவர் கைத்தொழிலோடு திரும்பினார். மறுப்பும் போரும் வந்தபோது ஒருவரையொருவர் கற்பதை நிறுத்தவில்லை. இம்மூன்றும் இல்லாத இடத்தில் இரண்டு பட்டங்களும் இரண்டு காகிதங்களே.

நம் கல்லூரிகளில் சங்க இலக்கியத்தில் யவனரைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். அரிக்கமேட்டின் பானையோடு ஒன்றைக் கையில் ஏந்தி வரைந்து பார்த்த தமிழ் மாணவர் எத்தனை பேர்? சென்னையில் 1850-இலேயே கலைப்பள்ளி தொடங்கிற்று. அதன் மாணவரும் தமிழிலக்கிய மாணவரும் ஒரு பருவமேனும் சேர்ந்து அமர ஒழுங்கு செய்ய நமக்குத் தோன்றவில்லை. மானியக் குழுவின் அறிவிப்பு திறந்துவிட்டிருக்கும் வாசலில் இத்தகைய இணைகளும் நுழையலாமே.

ஜெயா அப்பாசாமியின் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். சீன ஓவியம் கற்ற அவர் 1980-இல் வெளியிட்ட நூல் மராட்டியர் காலத் தஞ்சை ஓவியங்களைப் பற்றியது. இந்தியாவின் கண்ணாடி ஓவியங்களைப் பற்றியும் தனி நூல் எழுதினார். கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டும் அக்கலை 18-ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. தஞ்சையில் வேர்விட்டு, தமிழ்நாட்டுப் பூசையறைகளில் வெண்ணெயுண்ணும் கண்ணனாகத் தொங்கியது. நம் பாட்டிமார் விளக்கேற்றி வணங்கிய படத்தில் சீனம் இருந்ததை அறிந்துகொள்ள, சென்னையில் பிறந்த ஒரு பெண் சாந்திநிகேதன் வழியாகச் சீனம்வரை போய்வர வேண்டியிருந்தது.